‘போடு’ எல்லாம் ‘புட்’ ஆகுமா?



போன நவம்பர் மழையில் ஆங்கிலப் பேச்சுப் போட்டி ஒன்று தள்ளிப்போனது. அறிவிப்புப் பலகையில் ‘புட் ஆஃப்’ என்று எழுதியிருந்தார்கள். லைட் ஆஃப், ஃபேன் ஆஃப் மாதிரி போட்டியும் ஆஃப், அதாவது ரத்து என்று நினைத்துவிட்டேன். அடுத்த வாரம் போட்டி நடந்தது. என் பெயரைக் கூப்பிட்டபோது நான் வில்லியனூரில் அத்தை வீட்டில் இருந்தேன்! இரண்டு வாரம் கண்ணாடி முன்னால் பேசிப் பழகியது வீண். தப்பு என்னுடையதுதான். அதனால்தான் இந்த வினைச்சொல்லை உட்கார்ந்து படித்தேன். நீங்களும் படியுங்கள்.

1. மாறாத சொல்

புட் – புட் – புட். நிகழ்காலம், இறந்தகாலம், முடிவெச்சம் மூன்றும் ஒன்றே. கட், ஹிட், ஷட் ஆகியவையும் இப்படித்தான். ‘ஹி புட்ஸ்’ என்றால் வைக்கிறான். ‘ஹி புட்’ என்றால் வைத்தான். கடைசி ‘ஸ்’ஸைப் பார்த்தால் காலம் தெரிந்துவிடும். ‘புட்டிங்’ எழுதும்போது ‘டி’ இரண்டு வரும். மறந்தால் மார்க் போச்சு!

2. நாம் செய்யும் தப்பு

‘புட்’ என்றால் முதல் பொருள் ஓர் இடத்தில் வைப்பது. நம் ‘போடு’ அதைவிடப் பெரிய சொல். ஒவ்வொரு ‘போடு’க்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு வினை:

டீ போடு – மேக்
கோலம் போடு – ட்ரா
மாத்திரை போடு – டேக்
ஊசி போடு – கிவ்
ஓட்டுப் போடு – காஸ்ட்
சண்டை போடு – ஃபைட்
சத்தம் போடு – ஷவுட்

‘புட் தி ஃபேன்’ என்று மட்டும் சொன்னால் ஃபேனைக் கழற்றி எங்கேயோ வைக்கச் சொல்வது போல் இருக்கும். ‘ஸ்விட்ச் ஆன்’ என்று சொல்லுங்கள்.

3. கூட ஒரு சொல் சேர்ந்தால்

புட் ஆன் – உடுத்து. ‘புட் ஆன் வெயிட்’ என்றால் எடை கூடுவது. நாமும் ‘உடம்பு போட்டுட்டான்’ என்கிறோமே!
புட் அவுட் – தீயை, விளக்கை அணை.
புட் அவே – எடுத்து உள்ளே வை.
புட் டௌன் – கீழே வை, குறித்துக்கொள்.
புட் அப் வித் – பொறுத்துப் போ.
புட் ஆஃப் – தள்ளி வை. இது ரத்து இல்லை! ரத்து செய்வது ‘கால் ஆஃப்’. என்னைக் கவிழ்த்தது இந்த வித்தியாசம்தான்.

4. நம்ம ஊர்ச் செய்தி

எங்கள் பக்கத்து வீட்டில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா இருக்கிறார். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, “பிரெஞ்சுல வைக்கிறதுக்கும் ‘மெத்ர்’தான், சட்டை போடுறதுக்கும் ‘மெத்ர்’தான் பாப்பா. ஆனா மாத்திரைக்கு மட்டும் ‘எடு’ன்னு அர்த்தம் வர்ற ‘ப்ரான்த்ர்’” என்றார். சட்டை விஷயத்தில் பிரெஞ்சு நம் பக்கம், மாத்திரை விஷயத்தில் ஆங்கிலத்தின் பக்கம்! ஒவ்வொரு மொழிக்கும் அதன் வழக்கம் உண்டு. சொல்லுக்குச் சொல் மாற்றினால் மாட்டிக்கொள்வோம்.

பயிற்சி: எந்த இடத்தில் ‘புட்’ வரும்?

1. பையைப் பெஞ்சின் மேல் போடு.
2. அம்மா காபி போட்டார்.
3. சொக்கப்பானைத் தீயை அணைத்தார்கள்.

விடை: 1, 3 இரண்டிலும் வரும். மூன்றாவதில் ‘அவுட்’டும் வேண்டும். இரண்டாவதற்கு ‘மேட்’.

கடைசியாக ஒன்று: அறிவிப்புப் பலகையில் புரியாத சொல் இருந்தால், வெட்கப்படாமல் ஆசிரியரிடம் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் மேடை ஏறியிருப்பேன். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இந்த முறை பலகையைத் தினமும் பார்க்கிறேன்!



– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி