கடைசி மாதங்களில் சீனி ஏன் கூடுகிறது?

"இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்கிறார் அம்மம்மா. "சீனி கூடிவிட்டது, கவனம்" என்கிறார் தாதி. நடுவில் அகப்பட்ட பிள்ளைத்தாய்ச்சி இரவுச் சாப்பாட்டையே விட்டுவிட்டு மறுநாள் எங்களிடம் வருகிறார். இப்படிப் பலரைப் பார்த்துவிட்டோம்.

கர்ப்பத்தின் பிற்பகுதியில் நச்சுக்கொடி சுரக்கும் ஓமோன்கள், தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. இது நோயல்ல, குளுக்கோசு பிள்ளைக்குத் தாராளமாகக் கிடைக்க இயற்கை செய்த ஏற்பாடு. பெரும்பாலான தாய்மாரின் சதையி (கணையம்) ஏறக்குறைய இரண்டு மடங்கு இன்சுலினைச் சுரந்து ஈடுகொடுத்துவிடும். அது முடியாதபோதுதான் கர்ப்பகால நீரிழிவு. தெற்காசியப் பெண்களிடம் இது கூடுதலாக உண்டு. 24 முதல் 28 வாரங்களுக்குள் குளுக்கோசுக் கரைசல் குடிக்கத் தந்து சோதிப்பது இதற்காகவே.

தாயின் குளுக்கோசு நச்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. வந்து சேரும் சீனியைச் சமாளிக்கப் பிள்ளையின் சதையியே கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. அதனால் தோளிலும் வயிற்றிலும் கொழுப்புப் படிகிறது. கொழுகொழு பிள்ளை என்று நாம் மகிழ்கிறோம், ஆனால் பிரசவத்தில் தோள் சிக்கக்கூடும். கொடியை வெட்டியதும் தாயின் சீனி நின்றுவிடும். பிள்ளையின் இன்சுலின் உடனே நிற்காது. அதனால் முதல் மணித்தியாலங்களில் பிள்ளைக்குச் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கலாம். குதிக்காலில் குத்திப் பார்ப்பதும் உடனே பால் கொடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

பட்டினி இதற்கு மருந்தல்ல. இந்த மாதங்களில் ஒரு வேளை சாப்பாடு தவறினாலே தாயின் உடல் விரைவாகக் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் உண்டாகும் கீற்றோன்கள் பிள்ளைக்கும் போகும். விரதங்களைத் தள்ளி வையுங்கள். புட்டு, இடியப்பத்தைக் குறைத்து, மீன், பருப்பு, மரக்கறியைக் கூட்டுங்கள். சாப்பிட்டபின் சற்று நடவுங்கள். அதற்கும் இறங்காவிட்டால் வைத்தியர் மாத்திரையோ இன்சுலினோ தருவார். "ஊசி பிள்ளைக்கு ஆகாது" என்ற பயம் வேண்டாம். தாய் போடும் இன்சுலினும் பிள்ளையிடம் போவதில்லை, போவது சீனிதான். கொப்பியில் சீனி அளவைக் குறைத்து எழுதுவதாலும் பயனில்லை.

இன்சுலின் போடுபவருக்குக் கடைசி வாரங்களில் திடீரென மருந்து குறைவாகத் தேவைப்பட்டால், அதை நல்ல செய்தி என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். நச்சுக்கொடி தளர்வதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். அப்படியானாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும், அன்றே பிரசவ விடுதிக்குத் தொலைபேசி எடுங்கள்.

நச்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலானோருக்குச் சீனி வழமைக்குத் திரும்பும். பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மட்டும் கூடுதலாகவே இருக்கும். 6 முதல் 12 வாரங்களுக்குள் ஒரு பரிசோதனையும், பின்னர் ஆண்டுதோறும் ஒன்றும் தேவை. பிள்ளையின் தடுப்பூசிக்கு வரும் நாளிலேயே உங்கள் பரிசோதனைக்கும் நேரம் கேளுங்கள்.