கணினி வாங்கும் முன் ரேம் எவ்வளவு என்று கேளுங்கள்

பிள்ளைகளின் படிப்புக்காகக் கணினி வாங்கும் குடும்பங்கள் நம்மில் பெருகிவிட்டன. புதிது வாங்க வசதி இல்லாதபோது செகண்ட் ஹேண்டில்தான் தேடுகிறோம். கடைக்காரர் திரையின் அளவையும் ஹார்டு டிஸ்க் எத்தனை ஜிபி என்பதையும் முதலில் சொல்வார். நாம் முதலில் கேட்க வேண்டியது ரேம் எவ்வளவு என்பதைத்தான். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய கணினி சில மாதங்களிலேயே மூலைக்குப் போவதற்குப் பல வேளை இதைக் கேட்காததே காரணம்.

ரேமை நம் வீட்டுச் சமையல் மேடை என்று வைத்துக்கொள்வோம். ஹார்டு டிஸ்க் ஸ்டோர் ரூம். அரிசியும் பருப்பும் உள்ளே இருந்தாலும் நறுக்குவதும் பிசைவதும் மேடையில்தான். மேடை சிறிதாக இருந்தால் ஒன்றை உள்ளே வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை எடுக்க முடியும். கணினியும் அதையே செய்கிறது. ரேம் நிரம்பியதும், அந்த நேரத்துக்குத் தேவையில்லாததை டிஸ்க்குக்கு அனுப்புகிறது. நாம் கேட்டதும் திரும்ப எடுத்து வருகிறது. சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் ரேமைவிடப் பல்லாயிரம் மடங்கு மெதுவானது. மவுஸை எத்தனை முறை அழுத்தினாலும் திரை அசையாமல் நிற்பது பெரும்பாலும் இந்த அலைச்சலால்தான். வைரஸ் என்று நினைத்துப் பணம் செலவழிப்பவர்களும் உண்டு.

2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது மைக்ரோசாப்ட் கேட்ட குறைந்தபட்ச ரேம் 64 எம்பி. 2009இல் வந்த விண்டோஸ் 7க்கு 1 ஜிபி. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 4 ஜிபி. இந்தக் குறைந்தபட்ச அளவை நம்பி யாரும் கணினி வாங்க வேண்டாம். இயங்குதளம் எழுந்து நிற்க மட்டுமே அது போதும். 4 ஜிபியில் விண்டோஸ் 11 போட்டால் பெரும்பகுதியை அதுவே எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஆன்லைன் வகுப்பு, பிரவுசரில் நாலைந்து டேப், வேர்டு என்று திறந்தால் திணறத்தான் செய்யும். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் 8 ஜிபி இருந்தால் பள்ளி, கல்லூரி வேலைகள் தடையின்றி நடக்கும். வீடியோ எடிட்டிங் கற்கும் பிள்ளைக்கு 16 ஜிபி வேண்டும். வெகுகாலம் 8 ஜிபி போதும் என்று விற்றுவந்த ஆப்பிள் நிறுவனமே 2024இல் தன் மேக்புக் ஏரின் தொடக்க அளவை 16 ஜிபி ஆக்கிவிட்டது.

வாங்கும் இடத்திலேயே சோதித்துவிடலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். பிரவுசரையும் வேர்டையும் திறந்து வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பாதிக்கு மேல் நிரம்பியிருந்தாலே பயப்பட வேண்டாம்; 90 சதவீதத்தைத் தாண்டியே நின்றால் போதவில்லை என்று பொருள். 32 பிட் விண்டோஸ் போட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். 8 ஜிபி மாட்டியிருந்தாலும் வீட்டுக் கணினிகளில் வரும் 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது.

வீட்டில் ஏற்கெனவே 4 ஜிபி கணினி இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டன. பழைய பிராசஸர் உள்ள பல கணினிகளை விண்டோஸ் 11 ஏற்காது. அவற்றில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எப்சிஇ பதிப்பைப் போடலாம், காசு இல்லை. 4 ஜிபியில் படிக்கவும், தமிழில் டைப் செய்யவும், ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பவும் தாராளம். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் கற்கும் பிள்ளைக்கு இது சரிவராது. 2 ஜிபி கணினியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எந்த இயங்குதளம் போட்டாலும் இன்றைய பிரவுசருக்கு அது பற்றாது.

ரேம் கூட்டுவதாக இருந்தால் பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். டிடிஆர்3 இருந்த இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது. லேப்டாப் ரேம் நீளத்தில் சிறியது. சில மெல்லிய லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அவற்றில் பின்னால் கூட்ட வழியில்லை என்பதால் வாங்கும்போதே விசாரித்துவிடுங்கள். 8 ஜிபி இருந்தும் ஆன் செய்தால் நிமிடக்கணக்கில் காத்திருக்க வைத்தால், ரேமைத் தொடாமல் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டச் சொல்லுங்கள்.