ஒரே மணி, இரு விடியல்

கதிரவன் எல்லா ஊர்க்கும் பொதுவானவன். ஆயினும், எல்லா ஊர்களிலும் ஒரே பொழுதில் தோன்றுவதில்லை. நிலவுலகம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சுழல்கின்றது. ஆதலின், கிழக்கேயுள்ள ஊர் முன்னரும் மேற்கேயுள்ள ஊர் பின்னரும் ஒளி பெறும். தீர்க்கரேகை ஒரு பாகை மாறினால், பொழுது நான்கு நிமிடம் மாறும். இவ்வுண்மையைப் பட்டு நெசவாற் பெயர்பெற்ற ஈரூர்களைக்கொண்டு ஆராய்வோம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதியை அடுத்து அமைந்தது ஆரணி. அரிசி ஆலைகளும் பட்டுத் தறிகளும் அவ்வூருக்கு இரு கண்கள் போன்றவை. விடியற்காலையில், வெயில் ஏறுமுன், நெசவாளர் தெருவில் நெடும்பாவு விரித்து, அறுந்த இழைகளைப் பிணைத்துச் சீர்செய்வர். பின்னர்த் தறியில் அமர்ந்து, காலால் மிதியை மிதித்துக் கையால் நாடாவை ஓட்டிச் சேலை நெய்வர். முசுக்கொட்டை இலையுண்ணும் புழுவின் பட்டு இங்குப் பல்வகைச் சாயம் பெறுகின்றது; கரையிலும் முந்தானையிலும் சரிகை ஒளிர்கின்றது.

அசாம் மாநிலத்தில், பிரம்மபுத்திரை ஆற்றின் வடகரையில், குவஹாத்தி நகருக்கு அண்மையில் உள்ளது சுவால்குச்சி. அங்கும் தறியோசை கேளாத தெருவில்லை. அந்நாட்டுக்கே சிறப்பாக உரியது முகா என்னும் பட்டு. அதனைத் தரும் புழுக்கள் திறந்தவெளியில் சோம், சுவாலு ஆகிய மரங்களின் இலைகளை உண்டு வளர்வன. அப்பட்டு இயற்கையிலேயே பொன்னிறமுடையது; சாயத்தை வேண்டி நிற்பதன்று. அசாமிய மகளிர் உடுக்கும் மேகலா சாதர் என்னும் ஈருறுப்பு ஆடை அங்கு நெய்யப்படுகின்றது.

ஆரணிக்கும் சுவால்குச்சிக்கும் இடையே பன்னிரண்டு பாகைக்குச் சற்று மிகுதியான தொலைவு உண்டு. ஆகவே, கதிரவன் உச்சியை அடைவதில் ஏறத்தாழ 49 நிமிடம் வேறுபாடு நிகழ்கின்றது. ஆனால், ஈரூர்க் கடிகாரங்களும் ஒரே மணியைத்தான் காட்டுகின்றன! டிசம்பர்த் திங்கள் 21ஆம் நாளில், சுவால்குச்சியில் மாலை 4-35 மணியளவில் கதிரவன் மறைவான். ஆரணியிலோ 5-50 மணியாகும். வடக்கே செல்லச்செல்லக் குளிர்காலப் பகல் குறுகுவதும் இதற்குத் துணைக் காரணமாம். ஜூன் திங்களில் சுவால்குச்சியில் 4-30 மணிக்கே விடிந்துவிடும். ஆரணியில் 5-45 மணிவரை காத்திருத்தல் வேண்டும்.

முற்காலத்தில் ஊர்கள் தத்தம் கதிரவனையே பின்பற்றின. கிழக்கிந்தியக் கும்பினியார் 1792இல் சென்னையில் வானாய்வுக்கூடம் அமைத்தனர். அங்குக் கணித்த சென்னை நேரம், புகைவண்டிகளுக்கு நெடுங்காலம் வழிகாட்டிற்று. ஒருநாட்டில் பல நேரம் இருப்பின் குழப்பம் விளையும் அன்றோ? எனவே, 82½ பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியப் பொது நேரம் 1906, ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சென்னைக் கடிகாரங்கள் ஒன்பது நிமிடம் முன்தள்ளப்பெற்றன. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தம் பழைய நேரத்தை விடவில்லை.

பொது நேரத்தால் விளைந்த நன்மை பெரிது. எனினும், கிழக்கெல்லை மக்களுக்கு ஓர் இடர் உண்டு. பத்து மணிக்கு அலுவலகம் திறக்குமுன், அங்குப் பகலில் நெடும்பொழுது கழிந்துவிடுகின்றது. மாலையில் விளக்கு விரைவில் ஏற்றப்படுகின்றது. அதனாலன்றோ அசாமின் தேயிலைத் தோட்டத்தார், கடிகாரத்தை ஒரு மணி முன்னதாக வைத்துத் ‘தோட்ட நேரம்’ என வழங்கினர்! இந்தியாவிற்கு இரு நேரம் வகுக்கலாம் எனத் தேசிய இயற்பியல் ஆய்வகத்தார் 2018இல் கருத்துரைத்தனர். இரு நேரம் கூடுமிடத்துப் புகைவண்டிப் போக்குவரத்து இடருறும் என்பது மறுப்போர் கூற்று. இரு திறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு.

ஆரணி வணிகர் ஒருவர் டிசம்பர் மாலை ஐந்தரை மணிக்குச் சுவால்குச்சி நெசவாளரைத் தொலைபேசியில் அழைப்பதாகக் கொள்வோம். ஆரணித் தெருவில் இன்னும் வெயில் இருக்கும். அங்கோ இருள் சூழ்ந்து, தறியும் ஓய்ந்திருக்கும். “இத்துணை விரைவில் வேலையை நிறுத்தலாமோ? சோம்பர் போலும்!” என அவர் எண்ணின், அது பெரும்பிழையாகும். ஆரணி கண்விழிக்குமுன்னரே எழுந்து உழைத்தவர் அந்நெசவாளர். நம் ஊர் வெயிலைக்கொண்டு பிறர் உழைப்பை அளத்தல் முறையன்று. நாட்டை ஒன்றாக இயக்கக் கடிகாரம் வேண்டும். பிறரை உள்ளவாறு அறிய, அவர்தம் வானத்தையும் நினைத்தல் வேண்டும்.