இரண்டு ஃபைல், ஒரே டேபிள்

லேபில் நமக்குத் தரும் பயிற்சியில் எல்லா டேபிளும் ஒரே ஃபைலுக்குள் சமத்தாக உட்கார்ந்திருக்கும். வெளியே அப்படி இல்லீங்க. செய்யாறு, ஆரணி பக்கத்துப் பட்டு நெசவையே எடுத்துக்கொள்வோம். பாவு, ஊடை, ஜரிகை கொடுத்த கணக்கு கிடங்கு ஃபைலில், கூலிக் கணக்கு ஆபீஸ் ஃபைலில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலி போட இரண்டும் வேணும்.

அக்சஸில் இதற்கு இரண்டு வழி. இம்போர்ட் செய்தால் வருவது நகல். காலையில் நகல் எடுத்தாச்சு. மதியம் ஒரு நெசவாளர் மிச்ச ஜரிகையைத் திருப்பிக் கொடுத்தார். நகலுக்கு அது தெரியாது, சாயங்காலம் அவர் கூலியில் பிடித்தம் விழும். லிங்க் செய்தாலோ டேபிள் கிடங்கு ஃபைலிலேயே இருக்கும். நாம் பார்ப்பது அசலை. 1992-ல் வந்த முதல் அக்சஸிலேயே இது உண்டு, அப்போது பெயர் 'அட்டாச்'.

லிங்க்கை டெலீட் செய்தால் டேபிள் போகுமா? வைவாவில் கேட்கத் தோதான கேள்வி. போகாது, இணைப்புதான் போகும். ஆனால் லிங்க் வழியே ஒரு ரெக்கார்டை அழித்தால் அசலிலேயே அழியும், ஜாக்கிரதை!

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. இரண்டு ஃபைலுக்கு நடுவே ரெஃபரென்ஷியல் இன்டெக்ரிட்டி போட முடியாது. கிடங்கில் இல்லவே இல்லாத நெசவாளர் எண்ணைக் கூலி டேபிளில் அடித்தாலும் அக்சஸ் வாயைத் திறக்காது. அதனால் ஃபாரத்தில் காம்போ பாக்ஸ் வைத்து, 'லிமிட் டு லிஸ்ட்' போட்டுவிடுவது நல்லது.

கிடங்கு ஃபைலை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் லிங்க் அறுந்துவிடும். லிங்க்டு டேபிள் மேனேஜரில் புது இடத்தைக் காட்டணும்.