இரு மதில் நகரங்கள்: ஒரு பொதுச் சிக்கல்

அகமதாபாத் 1411ஆம் ஆண்டில் சுல்தான் அகமது ஷாவாலும், ஜெய்ப்பூர் 1727ஆம் ஆண்டில் மன்னர் சவாய் ஜெய்சிங்காலும் நிறுவப்பட்டவை. முன்னது 'போல்' எனப்படும் நெருக்கமான தெருக்குடியிருப்புகளாகப் படிப்படியே வளர்ந்தது. பின்னது நேரான அகன்ற வீதிகளுடன் முன்னரே திட்டமிட்டு எழுப்பப்பட்டது.

தோற்றத்தில் வேறுபட்ட இந்நகரங்களின் அடிப்படை ஒன்றே. மதிலுக்குள் வீடும் தொழிலும் வாணிகமும் அருகருகே அமைந்தன. அகமதாபாத்தில் துணி வாணிகமும் ஜெய்ப்பூரில் மணிக்கல் தொழிலும் இவ்வமைப்பிலேயே தழைத்தன.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அகமதாபாத் 2017லும் ஜெய்ப்பூர் 2019லும் இடம்பெற்றன. இப்பெருமையின் பயன் நாடு முழுவதற்கும் உரியது. பழைய வீட்டைப் பழுதுபார்க்கும் செலவோ உரிமையாளரையே சார்கிறது. அதைத் தாங்க இயலாதவர் வீட்டைக் கிடங்காக வாடகைக்கு விட்டு வெளியேற நேரிடுகிறது.

இதற்குப் பரிகாரமாக அகமதாபாத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. மரபு வீட்டின் உரிமையாளர், தம் மனையில் பயன்படுத்தாத கட்டட உரிமையை வேறிடத்தில் கட்டுவோருக்கு விற்று, அத்தொகையைக் கொண்டு வீட்டைச் செப்பனிடலாம். பொதுப் பயனுக்கான செலவைப் பலரும் பகிரும் இத்தகைய வழிகள் பெருகினாலன்றி, மதில் நகரங்களில் சுவர்கள் நிலைக்கும்; குடிகள் நிலைக்கமாட்டார்கள்.