மக்களைப் பேச வைத்த வானொலி

கூட்டத்தில் பேசுவதற்கு நாவன்மை வேண்டும். கூட்டத்தைப் பேச வைப்பதற்கோ நாவடக்கம் வேண்டும். முன்னதில் கிராம வளர்ச்சி ஊழியர்களாகிய நமக்குப் போதிய பழக்கம் உண்டு. பின்னதில் நாம் இன்னும் மாணவர்களே. இப்பாடத்தை 20 ஆண்டுகளுக்கு மேலாக வாரந்தோறும் நடத்திக் காட்டியது இங்கிலாந்து வானொலியின் வேடிக்கை நிகழ்ச்சி ஒன்று. விளையாட்டாகத் தோன்றும் அந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்கத்தக்கவை யாவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்ச்சியின் தோற்றம்

இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு ஆண்டு, அதாவது 1946 மார்ச் மாதம், யார்க்ஷயர் பகுதியிலுள்ள பிங்லி என்னும் சிற்றூரில் இந்நிகழ்ச்சி தொடங்கிற்று. பி. பி. சி. நிறுவனம் முதலில் வட இங்கிலாந்துக்கு மட்டுமே இதனை ஒலிபரப்பியது. அதே ஆண்டிலேயே நாடு முழுவதற்கும் உரியதாக்கியது. 'ஹாவ் எ கோ' என்பது இதன் பெயர். 'நீங்களும் ஒரு கை பாருங்களேன்' என்று நாம் சொல்லுவோமே, அதுதான் இதன் பொருள். 1967 வரை இது நடைபெற்றது. இதன் உச்ச நாள்களில் வாரந்தோறும் ஏறத்தாழ 2 கோடி மக்கள் இதனைக் கேட்டதாகக் கூறுவர்.

இதனை நடத்தியவர் வில்பிரட் பிக்கிள்ஸ். 1904-ஆம் ஆண்டில் ஹாலிபாக்ஸ் நகரில் பிறந்தவர். யார்க்ஷயர் மக்களின் கொச்சை அவர் நாவிலிருந்து ஒரு நாளும் அகலவில்லை. நிகழ்ச்சிக்காக அவர் மக்களைத் தலைநகருக்கு அழைக்கவில்லை. ஒலிபரப்புக் கருவிகளோடு தாமே ஊர் ஊராகச் சென்றார். அந்தந்த ஊரின் பொது மண்டபமே மேடை. அவ்வூர் மக்களே பங்கு கொள்வோரும், பார்ப்போரும். பியானோ வாசித்தவர்களுள் ஒருவரான வயலட் கார்சன் பிற்காலத்தில் தொலைக்காட்சி நாடகம் ஒன்றின் வாயிலாக நாடறிந்த நடிகையானார்.

மேடையில் நடந்தது என்ன?

ஊர்க்காரர் ஒருவர் மேடைக்கு வருவார். பிக்கிள்ஸ் உடனே வினாவைத் தொடுக்க மாட்டார். முதலில் நலம் விசாரிப்பார். எந்தத் தெரு, என்ன தொழில், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார். வாழ்க்கையில் மிகவும் வெட்கப்பட்ட தருணம் எது என்று வினவுவார். காதலிப்பவர் எவரேனும் உண்டா என்று இளம் பெண்களிடம் மட்டுமன்றி, மணமாகாத மூதாட்டிகளிடமும் குறும்பாகக் கேட்பார். மண்டபம் சிரிப்பில் அதிரும். பதில் சொல்பவரும் சேர்ந்து சிரிப்பார்.

வினாவிடை அதற்குப் பின்னரே. வினாக்கள் எளியவை. தடுமாறுவோருக்கு விடையை நோக்கி மெல்ல வழிகாட்டவும் அவர் தயங்கவில்லை. பணத்தைக் கொடுத்துவிடும்படி தயாரிப்பாளர் பார்னி கோலஹனுக்கு அவர் இடும் கட்டளை நாடெங்கும் சிறுவர் வாயிலும் வழங்கும் தொடராயிற்று. பின்னாளில் அவர் மனைவி மேபல் மேடையில் மேசையருகே இருந்து பரிசுகளைக் கவனித்துக்கொண்டார். பரிசுத் தொகை சில ஷில்லிங்குகளே. அத்துடன் பழப்பாகு, கேக் முதலிய உள்ளூர்ப் பண்டங்களும் மேசைமீது இருக்கும். பிரிட்டனில் உணவுப் பங்கீடு 1954-ஆம் ஆண்டில்தான் முழுமையாக நீங்கிற்று என்பதை நினைத்தால், ஒரு குப்பிப் பழப்பாகின் அருமை விளங்கும்.

ஆனால் அந்த 2 கோடி மக்களும் பரிசை எண்ணியா வானொலியின் அருகே அமர்ந்தனர்? இல்லை. தம்மைப் போன்ற ஒரு நெசவாலைத் தொழிலாளியின் குரலையும், ஒரு பாட்டியின் குரலையும் கேட்கவே அமர்ந்தனர். வினாவிடை ஒரு சாக்கு. அறிமுகப் பேச்சே நிகழ்ச்சியின் உயிர்.

கொச்சைக்குக் கிடைத்த மதிப்பு

இதனை உணர, சற்று முந்தைய நிகழ்ச்சி ஒன்றை அறிதல் வேண்டும். 1941-ஆம் ஆண்டில் பிக்கிள்ஸ் பி. பி. சி.-யின் தேசியச் செய்தி வாசிப்பாளராக அமர்த்தப்பட்டார். அதுவரை அச்செய்திகள் தென்னிங்கிலாந்தின் படித்த வகுப்பார் உச்சரிப்பிலேயே வாசிக்கப்பட்டு வந்தன. வடபுலத்துக் கொச்சையில் செய்தி ஒலித்ததும் பெரிய சர்ச்சை எழுந்தது. அந்தக் குரலில் வரும் செய்தியை எவ்வாறு நம்புவது என்று கேட்டவர்களும் உண்டு! வட நாட்டவரே சிலர் அதனை விரும்பவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. தம் பேச்சு மேடைக்கு ஏற்றதன்று என்னும் தாழ்வு மனப்பான்மை அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின் அதே குரல் ஊர் மண்டபங்களில் ஒலித்தபோது, மக்கள் தயக்கம் நீங்கித் தம் சொந்தப் பேச்சிலேயே நாட்டோடு உரையாடினர்.

நம் நாட்டு முயற்சி

நம் நாட்டிலும் மக்களைப் பேச வைக்க வானொலி முயன்றதுண்டு. 1956-ஆம் ஆண்டில் பூனா வானொலி நிலையம், அக்காலப் பம்பாய் இராஜ்யத்தின் 5 மாவட்டங்களைச் சேர்ந்த சுமார் 150 கிராமங்களில் வானொலிக் கிராமச் சங்கங்களை அமைத்தது. கிராமத்தார் சிறு குழுவாக அமர்ந்து, வாரம் இருமுறை, 10 வாரங்கள், 20 நிகழ்ச்சிகளைக் கேட்டனர். கேட்டதோடு நில்லாமல் விவாதித்தனர். ஐயங்களை நிலையத்துக்கு எழுதியனுப்பி விடை பெற்றனர். இம்முயற்சி பயனளித்ததால் 1959-இல் நாட்டின் பிற பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அங்கே வேடிக்கை, இங்கே விவசாயம்; ஆயினும் கேட்பவனைப் பேசுபவனாக்கும் கொள்கை ஒன்றே.

என் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன், நான் கலந்துகொண்ட கிராம சபைக் கூட்டம் ஒன்றில் வரவு செலவையும் திட்ட விவரங்களையும் 40 நிமிடம் வாசித்தேன். பிறகு, "ஏதேனும் கேள்வி உண்டா?" என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் ஒரு மூதாட்டி என்னை நிறுத்தி, தம் தெருவின் கடைசி வீடுகளுக்கு மூன்று மாதமாகக் குடிநீர் வருவதில்லை என்றார்.

"இதைக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே, அம்மா?" என்றேன்.

"கேள்வி இருக்கான்னுதானே கேட்டீங்க, ஐயா. எங்களை எங்கே கேட்டீங்க?" என்றார்.

அச்சொல் என்னை வெட்கமுறச் செய்தது. அடுத்த கூட்டத்துக்கு அரைமணி முன்னதாகவே சென்று, விரிப்பில் அவர்களோடு அமர்ந்தேன். யார் வீடு எது, என்ன பயிர் என்று ஒவ்வொருவராக விசாரித்தேன். பின்னர், "நம் ஊர் மேல்நிலைத் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும்?" என்று வினவி, சரியான விடைக்கு ஒரு வெண்டை விதைப் பொட்டலம் பரிசு என்றேன். ஓர் இளைஞர் 30,000 என்றார். "தொட்டிக்கு முப்பதாயிரம், எங்க குடத்துக்கு ஒண்ணுமில்லை!" என்றது ஒரு குரல். அதே மூதாட்டிதான். எல்லோரும் சிரித்தனர். அச்சிரிப்பு அடங்குமுன் நால்வர் எழுந்து தண்ணீரைப் பற்றிப் பேசினர். குழாய் வழியிலுள்ள வால்வு ஒன்று பழுதுபட்டிருப்பது அங்கேயே தெரிய வந்தது. பதினைந்து நாளில் அது மாற்றப்பட்டது.

நாம் கற்கத்தக்கவை

முதலாவது, மக்களை நம் அலுவலகத்துக்கு அழைப்பதினும் அவர்கள் இருக்குமிடம் நாடிச் செல்லுதல் நன்று.

இரண்டாவது, பொதுவாகக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்குப் பொதுவான மௌனமே பதிலாகும். ஒருவரைப் பெயர் சொல்லி, அவர் அறிந்ததைப் பற்றி முதலில் கேட்க வேண்டும்.

மூன்றாவது, நகைச்சுவை ஒருவரைப் பார்த்துச் சிரிப்பதாக இருத்தலாகாது. அவரோடு சேர்ந்து சிரிப்பதாகவே இருத்தல் வேண்டும்.

நான்காவது, மக்களின் பேச்சு வழக்கைத் திருத்த முற்படலாகாது. சொல்லும் செய்தியே முக்கியம்.

ஐந்தாவது, எல்லாவற்றினும் முக்கியமானது. 'ஹாவ் எ கோ' நிகழ்ச்சியில் பேசியவர் பரிசோடு வீடு திரும்பினார். அத்துடன் அதன் கடமை முடிந்தது. நம் கடமையோ அங்கேதான் தொடங்குகிறது. பழுதான வால்வு மாற்றப்படாதிருந்தால், அந்த மூதாட்டி மூன்றாவது கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டார். வந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டார். மக்களைப் பேச வைப்பது அவர்களிடம் நாம் படும் கடன். அதனைச் செயலால் தீர்ப்போமாக!