ஆறும் குளமும் ஆசிரியர்களே

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

மலை ஏறுதல், கூடாரமிட்டுத் தங்குதல், நீந்துதல், படகு வலித்தல், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழி கண்டு நடத்தல் ஆகியவற்றை நாம் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் இவற்றைப் பள்ளிக் கல்வியின் ஒரு கூறாகவே கருதும் நாடுகள் பல உள. சாகசக் கல்வி என்று இதனைச் சொல்வர். தேர்ந்த ஒருவரின் மேற்பார்வையில், அளந்து வைத்த ஆபத்தைச் சிறுவர்கள் நேரில் சந்தித்து, அதன் வழியாகத் தன்னம்பிக்கையும் ஒழுங்கும் பிறர்க்குதவும் பண்பும் பெறுவதே இதன் நோக்கமாகும்.

"மலையும் இல்லை, காடும் இல்லை, திருவாரூர்ப் பிள்ளைகளுக்கு இது எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். மலை இல்லாவிட்டால் என்ன? நமக்குத் தண்ணீர் இருக்கிறது. காவிரிப் படுகைப் பிள்ளைகளுக்குச் சாகசக் கல்வியின் முதற்பாடம் நீரில்தான் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தோற்றமும் வளர்ச்சியும்

1907-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பேடன் பவல் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர், ஏறத்தாழ இருபது சிறுவர்களை பிரவுன்சீ என்னும் சிறு தீவுக்கு அழைத்துச் சென்று கூடாரமிட்டுத் தங்கினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகச் சமைத்து உண்டனர். சாரணர் இயக்கம் பிறந்தது இவ்வாறே. நம் நாட்டில் தொடக்கத்தில் இந்தியச் சிறுவர்களுக்கு அவ்வியக்கத்தில் இடமளிக்கப்படவில்லை. எனவே அன்னி பெசண்ட் அம்மையார் 1916-இல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டார். விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7-ஆம் நாள் பல சங்கங்கள் இணைந்து பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. அடுத்த ஆண்டு சாரணியரும் அதில் சேர்ந்தனர்.

இரண்டாவது நிகழ்ச்சி நமக்கு இன்னும் நெருக்கமானது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் தாக்கியதால் பிரிட்டிஷ் வாணிகக் கப்பல்கள் பல மூழ்கின. உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தவர்களுள் வயது முதிர்ந்த மாலுமிகள் பிழைத்திருக்க, உடல் வலிமை மிக்க இளைஞர்கள் மனம் தளர்ந்து முன்னதாகவே மாண்டனர் என்று லாரன்ஸ் ஹோல்ட் என்னும் கப்பல் நிறுவன உரிமையாளர் கவலையுற்றார். ஹிட்லரை எதிர்த்துச் சிறை சென்று, 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியிருந்த கர்ட் ஹான் என்னும் கல்வியாளருடன் சேர்ந்து, 1941-இல் வேல்சு நாட்டு அபர்டவி கடற்கரையில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். "அவுட்வர்ட் பவுண்ட்" என்று உலகெங்கும் பரவிய இயக்கத்தின் முதற்பள்ளி அது. மாலுமிகளை உண்டாக்குவதைவிடக் கடலின் வழியாக மனிதரை உருவாக்குவதே அதன் குறிக்கோளாயிற்று. சாகசக் கல்வியின் இப்பெரிய கிளை மலையுச்சியிலன்று, நீரில் மூழ்கும் உயிர்களைக் காக்கும் கவலையிலேதான் முளைத்தது என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் 1953-இல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்டு உச்சியை அடைந்ததை அடுத்து, 1954-இல் டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சிக் கழகம் தொடங்கப்பெற்றது. 1965-இல் உத்தரகாசியில் மற்றொன்று தோன்றியது. இதனால் சாகசம் என்றாலே இமயமலை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

சாகசம் வேறு, துணிச்சல் காட்டுதல் வேறு

2018 மார்ச்சு 11-ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரே மலையேற்றத்தை நெறிப்படுத்தும் விதிகளைத் தமிழக அரசு வகுத்தது. 2024-இல் அரசே பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடை விதிப்பதைவிட, ஒழுங்குபடுத்திக் கற்பிப்பதே மேல் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

2014 ஜூன் 8-ஆம் நாள் இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றின் நடுவே பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஐதராபாத்துப் பொறியியல் மாணவ மாணவியர் 24 பேர், மேலேயிருந்த அணையிலிருந்து திறக்கப்பட்ட வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டனர். அவர்கள் சாகசத்திற்காகச் சென்றவர்கள் அல்லர், சுற்றுலா சென்றவர்கள். அணை திறந்தால் ஆறு எவ்வளவு விரைவில் ஏறும் என்பதை எந்தப் பாடநூல் அவர்களுக்குச் சொல்லியிருந்தது? மேட்டூரும் கல்லணையும் திறக்கும் நீரை நம்பி வாழும் நமக்கு இக்கேள்வி பொதுவன்றோ?

நம் ஊர் நிலை

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. நீர் கல்லணையை அடைந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, பின்னர் நூற்றுக்கணக்கான ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் கடைமடை வரை ஓடுகிறது. திருவாரூருக்குள் ஓடும் ஆற்றின் பெயரே ஓடம்போக்கி. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பது இவ்வூர் வழக்கு. சிற்றூர் ஒவ்வொன்றிலும் ஒரு குளமாவது உண்டு. நேற்று வரை முழங்கால் அளவு ஓடிய வாய்க்கால், சட்ரஸ் திறந்த மறுநாள் ஆளை இழுக்கிறது. மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து பார்த்தால் தெரிவதில்லை. ஆகாயத்தாமரை படர்ந்த குளம் தரைபோலத் தோன்றுகிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் விவசாயத் தொழிலாளி. நாற்று முடியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஆற்றை நீந்திக் கடந்தவர். அவருக்கு அதை எவரும் கற்பிக்கவில்லை. மாடு குளிப்பாட்டப் போனபோது மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டே கற்றார். அக்காலத்திலும் எல்லாப் படித்துறைகளும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் அவரே சொல்வார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் தங்கைக்கு நீந்தத் தெரியாது. அவளுடைய வகுப்புத் தோழியர் பலருக்கும் தெரியாது. மழைக்காலம் வந்தால் அவள் பள்ளியில் ஒரு சுற்றறிக்கை வாசிப்பார்கள்: "ஆற்றங்கரைக்கும் குளக்கரைக்கும் யாரும் செல்லக் கூடாது." பாடம் அத்துடன் முடிந்தது. ஆனால் அவள் பள்ளிக்குச் செல்லும் வழியே ஆற்றங்கரைதான்!

எங்களைப் போன்ற குடும்பங்களில் படிப்பு வந்தது, நீச்சல் போயிற்று. படிப்பு வந்ததற்காக மகிழ்கிறோம். ஆனால் ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கத்தான் வேண்டுமா? பள்ளிக்கூடம் பிள்ளையை வயலிலிருந்தும் ஆற்றிலிருந்தும் பிரித்து எடுத்ததால், ஆற்றை அறியும் அறிவை மீண்டும் கொடுக்கும் கடமையும் பள்ளிக்கூடத்திற்கே உரியது.

வங்கதேசம் காட்டும் வழி

நம்மைப் போலவே நெல் விளையும் ஆற்றுப்படுகை நாடு வங்கதேசம். வீட்டுக்கு வீடு குளம். அங்கு குழந்தைகள் நீரில் மூழ்கி இறப்பது பெருந்துயரமாக இருந்தது. 2005-க்குப் பின்னர் "சுவிம்சேஃப்" என்னும் பெயரால் ஒரு பயிற்சியை அங்கே தொடங்கினர். நீச்சல் குளம் கட்டவில்லை. ஊர்க் குளத்திலேயே மூங்கிலால் தளமும் வேலியும் அமைத்து, உள்ளூர் இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பழக்கினர். தேர்ச்சிக்கு மூன்று அளவுகோல்கள் வைத்தனர்: 25 மீட்டர் நீந்துதல், 30 விநாடி மிதத்தல், கரையில் நின்றபடியே மூழ்குபவரைக் காத்தல். 2012-இல் வெளியான ஆய்வு, இப்பயிற்சி பெற்ற குழந்தைகளிடையே நீரில் மூழ்கும் இறப்பு 90 விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைந்ததைக் காட்டியது.

உலக நலவாழ்வு நிறுவனமும் பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்கப் பரிந்துரைக்கிறது. ஜூலை 25-ஆம் நாளை நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2021-இல் அறிவித்தது. மூங்கிலும் குளமும் இளைஞரும் வங்கதேசத்தில் மட்டுமா உள்ளனர்?

இயற்பியல் கூறுவது

நாங்கள் வகுப்பறையில் படிக்கும் ஆர்க்கிமிடீசு விதி ஆற்றில் உயிர் காக்கும் விதியாகும். மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்தியை மிகவும் ஒட்டியது. நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் நீரைவிடச் சற்றே குறைவு. மூச்சை விட்டுவிட்டால் சற்றே மிகுதி. ஆகவே மல்லாந்து, காதுகள் நனைய, மார்பில் மூச்சை நிரப்பிக் கிடந்தால் உடல் மிதக்கும். அஞ்சியவன் கைகளை மேலே தூக்குகிறான். நீருக்கு வெளியே தூக்கிய கைக்கு மிதப்பு விசை இல்லை. அதன் எடை முழுதும் தலையை நீருக்குள் அழுத்துகிறது. அச்சமே ஆளை மூழ்கடிக்கிறது என்பது அறிவியல் உண்மை.

ஓடும் நீர் நம்மைத் தள்ளும் விசை, அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. நேற்று எளிதாகக் கடந்த வாய்க்கால் இன்று கடக்க முடியாததாவது இதனால்தான்.

இன்னுமொன்று. மூடியிட்ட 5 லிட்டர் வெற்று எண்ணெய்க் கேன், நீரில் முழுதும் அமிழ்ந்தால் ஏறத்தாழ 5 கிலோ எடையைத் தாங்கும். நம் தலையின் எடையோ 4 முதல் 5 கிலோ. ஆகவே குப்பையில் எறியும் ஒரு கேனை மார்போடு அணைத்துக்கொண்டால் தலை நீருக்கு மேல் நிற்கும். சுரைக்குடுக்கையையும் இரண்டு தேங்காய் நெற்றையும் வாழைத்தண்டையும் கட்டிக்கொண்டு நீந்தப் பழகிய நம் முன்னோர் இதே விதியைத்தான் கையாண்டனர்.

ஓர் ஆண்டுத் திட்டம்

ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள மாணவர்க்கு, காவிரி நீரின் போக்கையொட்டியே ஓர் ஆண்டுப் பயிற்சியை அமைக்கலாம்.

1. கோடை விடுமுறையின் இறுதி: மார்பளவு நீருள்ள, வேலியிட்ட குளத்தில் மிதத்தலும் நீந்தலும். கமலாலயம் போன்ற ஆழ்ந்த குளங்கள் தொடக்கப் பாடத்திற்கு ஏற்றவை அல்ல. மாணவியர்க்குப் பெண் பயிற்சியாளரும், தனி நேரமும், கேலிக்கு இடமில்லாத பருத்த உடையும் வேண்டும். இவை இன்றேல் பெண் பிள்ளைகள் வர மாட்டார்கள். வராத பிள்ளைகளே மிகுந்த ஆபத்தில் இருப்பவர்கள்.

2. ஆற்றில் நீர் வந்த பின்: கரையோர நடைப்பயணம். ஒரு வாய்க்காலை அதன் தலைப்பிலிருந்து கடைமடை வரை நடந்து சென்று, மதகு, சுழி, மணற்குழி ஆகியவற்றைக் குறித்து மாணவரே வரைபடம் வரைதல்.

3. மழைக்கு முன்: மீட்புப் பயிற்சி. முழுகுபவன் பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. வாய் நீரில் இருக்கும்போது குரல் எழும்பாது. அவனை நோக்கிக் குதிப்பவனையும் அவன் பற்றி அமிழ்த்துவான். எனவே கழியை நீட்டு, வேட்டியை எறி, கயிறு கட்டிய கேனை வீசு, உதவிக்குக் குரல் கொடு, நீ குதிக்காதே என்பதே விதி. கரையேற்றியவனைத் தலைகீழாகச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சில்லையெனில் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சூட்டி, மார்பை அழுத்த வேண்டும்.

4. மார்கழி, தை: நம் மாவட்டத்து வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைக் காப்பிடங்களில் விடியற்காலைப் பறவை நோக்கலும் ஓரிரவுக் கூடார வாழ்வும்.

5. ஆண்டிறுதியில்: முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில், ஒவ்வொருவரும் மிதவை அங்கி அணிந்து படகுப் பயணம். சேற்றிலிருந்து மேலெழும் மூச்சுவேர்களை நேரில் காணலாம். கண்ணில் பட்டால் துன்பம் தரும் பாலையுடைய தில்லை மரத்தைத் தொடாமல் அறியவும் கற்கலாம்.

எதிர்ப்புகளும் விடைகளும்

"படிப்புக் கெடும்" என்பர். வரைபடம் வரைவது புவியியல், மிதப்பது இயற்பியல், அலையாத்தி உயிரியல். "ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?" என்று ஆசிரியர்கள் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் நியாயமானது. அதனால்தான் பெற்றோர் இசைவு, சிறு குழு, கரையில் காவலர், தீயணைப்புத் துறையினரின் துணை ஆகியவை எழுத்தில் வகுக்கப்பட வேண்டும். ஆசிரியரைத் தனியே விடக்கூடாது. ஆயினும் கற்பிக்காமல் விடுவதும் ஒரு முடிவுதான். அதில் நேரும் இறப்புக்கு எந்தப் பதிவேட்டிலும் பொறுப்பாளி இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

முடிவுரை

அரசு திட்டம் தீட்டும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஏதேனும் ஒரு சிற்றூரில் ஏழு நாள் சிறப்பு முகாம் நடத்துகின்றனர். கோயில் உழவாரமும் சாலைச் சீரமைப்பும் நற்பணிகளே. அந்த ஏழு நாட்களில் இரண்டு காலைப் பொழுதுகளை மட்டும் ஒதுக்குவோம். தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து வந்து, அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கரையில் நின்று காக்கும் முறையைக் கற்பிப்போம். முகாம் முடிந்து திரும்பும்போது, அவ்வூர்க் குளத்துப் படித்துறையில் ஒரு கம்பம் நட்டு, நீண்ட கயிறும் கயிற்றில் கட்டிய இரண்டு வெற்றுக் கேன்களும் ஒரு மூங்கில் கழியும் மாட்டி வைத்துவிட்டு வருவோம். செலவு மிகச் சிறிது. நீந்தத் தெரிந்த மாணவ நண்பர்களே, இப்பணிக்கு முதலில் பெயர் கொடுக்க வேண்டியவர்கள் நாமே.